கால் மடக்கும் இயந்திரம் வீட்டிற்குத் தேவையா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், உடனிருப்போர் எமது இயன்முறை மருத்துவப் பிரிவில் அடிக்கடி கேட்பது இது: “அந்தக் கால் மடக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?”

அவர்கள் குறிப்பிடுவது சி.பி.எம். எனப்படும் தொடர் அசைவு இயந்திரம். காலை அதன்மேல் கிடத்தினால், குறித்த கோணம் வரை அதுவே மெல்ல மடக்கி நீட்டும். காயமுற்ற மூட்டை அசையாமல் கட்டிவைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், கனடாவின் டொராண்டோ நகர எலும்பியல் மருத்துவர் இராபர்ட் சால்ட்டர் மாறாகச் சிந்தித்தார். தொடர்ந்து அசைக்கப்பட்ட மூட்டில் குருத்தெலும்பு நன்கு ஆறுவதை 1970களில் முயல்களிடம் கண்டார். அக்கருத்திலிருந்து பிறந்ததே இவ்வியந்திரம்.

ஆயினும், மூட்டு மாற்றியவர்களுக்கு அதன் பயன் சிறிதே. 24 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, இயந்திரத்தால் கூடுதலாகக் கிடைத்த மடக்கம் சராசரியாக 2 டிகிரி மட்டுமே என்று கண்டது. காரணம் எளிது. இயந்திரம் மடக்கும்போது தொடைத் தசைக்கு வேலையில்லை. நாற்காலியிலிருந்து எழுவதும், தறியின் மிதியை அழுத்துவதும், சென்னிமலைப் படியேறுவதும் அத்தசையின் வேலை. ஆகவே, மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னாலன்றி, வாடகைப் பணத்தை இயன்முறைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள் என்றே நாங்கள் சொல்வோம். வர இயலாதவர்கள், 2021 முதல் நடைபெறும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெற முடியுமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. குதிகாலின்கீழ் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்திப் பிடியுங்கள். படுத்தபடியே குதிகாலை இடுப்பை நோக்கி இழுங்கள். எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை உட்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால் எளிதாயிருக்கும்.

அன்பு மிகுதியால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவோர் பலர். அப்போதைக்கு இதமாகத்தான் இருக்கும்; நாளடைவில் கால் முழுமையாக நீளாமல் போய், நடையில் நொண்டல் நிலைத்துவிடும். அதை எடுத்துவிடுங்கள்.

கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ வலியோ, காய்ச்சலோ, தையலில் நீர்க்கசிவோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி உடனே வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.