வீட்டு ஒலிப்பதிவில் இதமான நாதம் – கொஞ்சம் அனுபவம், கொஞ்சம் கணக்கு



"தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி இருக்குடா தம்பி." நான் முதன்முதலில் பதிவு செய்த நாகஸ்வரத்தைக் கேட்டுவிட்டு எங்க பெரியப்பா கொடுத்த சர்டிபிகேட் இது. வாசித்தவரும் அவரேதான்!

பெரியப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் கோவிலிலும் கல்யாணங்களிலும் வாசித்தவர். சர்க்கரை வியாதியில் முன்பற்கள் ஆடிப்போய், இரண்டு மாதத்துக்குள் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். நாகஸ்வரக்காரருக்குப் பல்லு போனால் சீவாளி போச்சு, தொழிலே போச்சு. அவர் வாசிப்பு என்று எங்கள் வீட்டில் உருப்படியாக ஒரு பதிவும் கிடையாது. கல்யாண வீடியோக்களில் பந்திச் சத்தத்துக்கு நடுவே அரைகுறையாகக் கேட்பதுதான். "நான் பதிவு பண்றேன் பெரியப்பா" என்று எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற திமிரில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு கண்டென்சர் மைக், ஒரு யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் வாங்கினேன். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு கான்கிரீட் அறை, டைல்ஸ் தரை. அங்கே எடுத்ததுதான் மேற்படி தகர டப்பா. உடனே நம்ம ஆட்கள் எல்லோரும் செய்கிற அதே தப்பை நானும் செய்தேன். "வால்வு வெச்ச ப்ரீ-ஆம்ப்ளிபயர் போடுப்பா, சும்மா கும்முன்னு இதமா இருக்கும்" என்று யாரோ சொல்ல, ஸ்காலர்ஷிப் பணத்தில் பழைய பெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். முன்பக்கக் கண்ணாடிக்குள் வால்வு ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. சத்தம் மட்டும் மாறவே இல்லை.

வால்வில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ட்ரையோடு வால்வைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் இரண்டாவது ஹார்மோனிக் கூடுகிறது. ஷட்ஜம் 300 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டாவது 600, அதாவது மேல் ஷட்ஜம். காந்த டேப் அழுந்தும்போது அதிகமாக வருவது மூன்றாவது. 900 ஹெர்ட்ஸ், அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். இதெல்லாம் ராகத்தோடு உறவுக்காரர்கள், அதனால் காது அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாமல் "நாதம் தடிச்சிருக்கு" என்கிறது. ஏழாவது எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காராது. டிஜிட்டலில் லெவல் எல்லை தாண்டினால் அலையின் தலை கத்தியால் வெட்டியது போல் தட்டையாகி, இந்த மாதிரி மேல் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் கூட்டமாக வரும். கரகரப்பு அங்கிருந்துதான்.

ஆனால் 12ஏஎக்ஸ்7 வால்வின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள். பிளேட்டுக்கு 250 வோல்ட் கொடுத்துத்தான் குணங்களைச் சொல்லியிருப்பார்கள். நான் வாங்கியதைப் பிரித்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். நாற்பது வோல்ட்டுக்கும் கீழே! அசல் பெருக்கம் எல்லாம் பக்கத்தில் இருக்கிற ஐ.சி. செய்கிறது. வால்வு சும்மா மாப்பிள்ளைத் தோழன் மாதிரி கூட நிற்கிறது. அந்த ஆரஞ்சு ஜொலிப்புகூட ஃபிலமென்ட் இல்லை, அடியில் ஒட்டியிருந்த எல்.இ.டி.! விற்றவரைக் குறை சொல்லி என்ன பயன்? பிரித்துப் பார்க்காமல் வாங்கியது நான்.

மைக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விலை குறைந்த கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் இருக்கும் கேப்ஸ்யூல், ஜெர்மனியின் நாய்மன் யு87 மைக்கினுடையதைப் பார்த்துச் செய்தது. அந்தக் கேப்ஸ்யூலுக்கு இயல்பிலேயே மேல் ஸ்தாயி தூக்கலாக இருக்கும். அசல் மைக்கில் உள்ளே ஒரு சர்க்யூட் அதை அமுக்கிச் சரிசெய்கிறது. நகல்களில் பெரும்பாலும் கேப்ஸ்யூல் மட்டும் வந்தது, சர்க்யூட் வரவில்லை. நாகஸ்வரமோ இயல்பிலேயே ஹார்மோனிக் கொட்டிக் கிடக்கிற வாத்தியம். கேட்கணுமா?

சரி, மைக்கை மாற்றலாம் என்று கிளம்பும்போது பெரியப்பா தடுத்தார். "ராஜரத்தினம் பிள்ளை தோடியை எந்த மெஷின்ல எடுத்தாங்க? அது எப்படிடா அவ்வளவு குளுமையா இருக்கு?" நல்ல கேள்வி. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். உச்ச அதிர்வெண்கள் பெரும்பாலும் அதில் ஏறவே ஏறாது. நம் செல்போனின் பதிவெல்லை அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் அது இதம், நம்முடையது டப்பா.

இங்கே ஒரு சேதி. இதமான நாதத்துக்காக நம்ம பக்கத்தில் நடந்த மிகப் பெரிய 'அப்கிரேடு' மைக்கில் நடந்ததல்ல, வாத்தியத்திலேயே நடந்தது. அந்தக் காலத்தில் இருந்தது குட்டையான, உச்ச சுருதியில் பேசும் திமிரி நாகஸ்வரம். ராஜரத்தினம் பிள்ளைக்காகக் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாகஸ்வரத்தைக் கடைந்து கொடுத்தார். குழல் நீண்டது, சுருதி இறங்கியது, சுத்த மத்யமமும் ஒழுங்காகப் பேசியது. இன்று எல்லோரும் வாசிப்பது அதைத்தான். மரம் ஆச்சா, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, ஈரம் முழுக்க வற்றிய மரமாக இருந்தால் விசேஷம். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, நாதம் முதலில் வாத்தியத்தில், அப்புறம் அது பேசுகிற இடத்தில், மிச்சம் மீதிதான் மெஷினில். பெரியப்பாவின் வாத்தியத்தில் குறையில்லை. அப்படியானால் இடம்?

டேப்பை எடுத்து அளந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து வாசிக்கையில் அணசு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். மைக் இரண்டரை அடி. இடையே மூன்றடி. ஒலி மைக்குக்கு நேராக வரும் தூரம் 3.16 அடி. டைல்ஸில் பட்டு எதிரொலித்து வருவதற்குச் செங்கோண முக்கோணம் போட்டால் பக்கங்கள் மூன்றும், (ஒன்றரையும் இரண்டரையும் கூட்டி) நான்கும், கர்ணம் ஐந்தடி. நம்ம ஸ்கூல் 3-4-5 முக்கோணமேதான்! வித்தியாசம் 1.84 அடி, அதாவது 0.56 மீட்டர். முப்பது டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். பாதை வித்தியாசம் அரை அலைநீளமாக இருக்கிற அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 349-ஐ 1.12-ஆல் வகுத்தால் சுமார் 311 ஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் இன்னும் பள்ளங்கள்.

பெரியப்பாவின் சுருதி இரண்டரைக் கட்டை. அந்த ஷட்ஜம் எவ்வளவு தெரியுமா? 311 ஹெர்ட்ஸ்! எதிரொலி நேரொலியைவிடப் பலவீனம் என்பதால் முழுதாக அழியாது. ஆனால் எட்டு டெசிபலுக்கு மேல் இறங்கிவிடும். மனுஷர் உயிரைக் கொடுத்து நிறுத்துகிற ஷட்ஜத்தை, டைல்ஸ் தரை தின்றுகொண்டிருந்தது. இதற்குப் போய் நான் வால்வு வாங்கியிருக்கிறேன்!

சுவரில் முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள். மெல்லிசான பொருள் உச்ச அதிர்வெண்ணை மட்டும் குடிக்கும், 300 ஹெர்ட்ஸைத் தொடாது. கோரைப்பாயும் அப்படித்தான். 311 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஒரு மீட்டருக்கு மேல். நன்றாக உறிஞ்ச அதில் கால் பங்கு, கிட்டத்தட்ட ஒரு அடி கனம் வேண்டும். ஒரு அடி கனத்துக்கு நம்ம ஊரில் சல்லிசாகக் கிடைப்பது என்ன? வைக்கோல்தான்.

பதிவை மாடி அறையிலிருந்து எங்கள் பழைய ஓட்டு வீட்டுக் கூடத்துக்கு மாற்றினோம். நடுவில் எட்டுக்குப் பத்தில் முற்றம். ஹார்வர்டில் டபிள்யூ.சி. சபைன் 1895 முதல் மெத்தைகளை வைத்து ஒலி உறிஞ்சலை அளந்தபோது, திறந்த ஜன்னலைத்தான் அலகாக வைத்துக்கொண்டார். வெளியே போன ஒலி திரும்பாது, எனவே நூறு சதவீதம். அந்தக் கணக்கில் எங்கள் முற்றம் எண்பது சதுர அடி உறிஞ்சும். மாடி அறையின் ஆறு பக்கமும் சேர்த்து 680 சதுர அடி. பூச்சுச் சுவருக்கு மூன்று சதவீதம் என்று போட்டால் சுமார் இருபது சதுர அடிதான் தேறியது. இந்த வீட்டையும் இடித்துவிட்டு மாடி கட்டணும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார், அது தனிக் கதை.

பெரியப்பாவுக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு அடி உயரத்துக்கு வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம். (பீடி, ஊதுபத்தி எதுவும் கிட்டே வரக்கூடாது. ஈரமில்லாத வைக்கோலாகவும் இருக்கணும்.) மைக்கை ஆறடி தள்ளி, அணசின் நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தேன். நாகஸ்வரத்தில் ஒலி அணசில் மட்டுமல்ல, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. தள்ளி நின்றால்தான் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். 24 பிட்டில் எடுத்தால் கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது, ஆகவே உச்சம் மைனஸ் 12-க்கு மேல் போகாமல் லெவலைத் தாழ்த்தியே வைத்தேன். பக்கத்து வயலில் பம்ப்செட் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் லைனில் ஏறியது. லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டியதும் நின்றுவிட்டது. மைக் அதே மைக். வால்வுப் பெட்டி மாடியிலேயே கிடந்தது.

முதல் தோடியைப் போட்டுக் காட்டினேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். "இது நான்தான்டா" என்றார். அப்புறம், "அந்த ரெண்டாவது சங்கதி சரியா விழல, இன்னொரு தடவை எடு" என்றார்.

நான்கு நாளில் மூன்றரை மணி நேரம் தேறியது. இரண்டு சீவாளி பிளந்தது. எல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்கில் தனித்தனி வீட்டில் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை பல் எடுத்தார்கள்.