உங்கள் ஆப் எந்த டிஎல்எஸ்-ல பேசுது? ஒரு பதிப்பு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் கதை

பீரோவில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்து, சார்ஜ் போட்டு, ஏதாவது ஒரு வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். சிக்னல் இருக்கும், டேட்டா இருக்கும். ஆனாலும் ‘பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை’ என்று வந்து நிற்க வாய்ப்பு அதிகம். போன் போச்சு என்று நினைப்போம். போனில் கோளாறு இல்லை. போனுக்குத் தெரிந்த டிஎல்எஸ் பதிப்பை சர்வர் ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

அதென்ன டிஎல்எஸ்?

நாம் டைப் செய்கிற பாஸ்வேர்டு, கார்டு நம்பர் எல்லாம் வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்பும் ஏற்பாடு. இதன் மூதாதை எஸ்எஸ்எல். நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-ல் அதன் 2.0 பதிப்பையும், 1996-ல் 3.0 பதிப்பையும் வெளியிட்டது. 1999-ல் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கைக்கு வந்தபோது பெயர் டிஎல்எஸ் 1.0 என்று மாறியது. (பெயர்தான் புதுசு. உள்ளே போகிற எண் இன்றும் 3.1 தான்!) பிறகு 2006-ல் 1.1, 2008-ல் 1.2, 2018-ல் 1.3.

சரி, புதுசு இருக்கும்போது பழசு ஏன் ஆபத்து?

இணைப்பு தொடங்கும்போது, ‘எனக்கு அதிகபட்சம் இந்தப் பதிப்பு தெரியும்’ என்று பிரவுசர் சொல்லும். இருவருக்கும் தெரிந்ததில் உயர்ந்ததை சர்வர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் சில பழைய சர்வர்கள், தெரியாத எண்ணைப் பார்த்ததும் பதில் சொல்லாமல் லைனை கட் செய்துவிடும். பாவம் பழைய சர்வர் போல என்று பிரவுசரும் ஒரு படி இறங்கி மறுபடி முயலும். இந்தப் பெருந்தன்மைதான் ஓட்டையாகிப் போனது.

2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பூடில்’ தாக்குதல் இதைத்தான் பயன்படுத்தியது. இலவச வைஃபையில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் இணைப்பை வேண்டுமென்றே அறுக்கிறார். பிரவுசர் இறங்குகிறது. மறுபடி அறுக்கிறார். இப்படியே 1996-ன் எஸ்எஸ்எல் 3.0 வரை இழுத்துவந்துவிட்டால், அதிலிருக்கும் பலவீனத்தை வைத்து குக்கியை ஒவ்வொரு பைட்டாக எடுக்கலாம். ஒரு பைட்டுக்குச் சராசரியாக 256 முயற்சி போதும். லாகின் குக்கி போனால் அக்கவுண்டே போன மாதிரிதான். இத்தனைக்கும் பிரவுசர், சர்வர் இரண்டுமே 1.2 தெரிந்தவையாக இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு எஸ்எஸ்எல் 3.0-க்குத் தடை வந்தது. 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றன.

1.3-ல் இதற்கு ஒரு குறும்பான பதில் இருக்கிறது. 1.3 தெரிந்த சர்வர் கீழ்ப்பதிப்புக்கு இறங்க நேர்ந்தால், தான் அனுப்பும் சமவாய்ப்பு எண்களின் கடைசியில் ‘டி ஓ டபிள்யூ என் ஜி ஆர் டி’ என்ற எழுத்துகளை ஒளித்து வைக்கும். டவுன்கிரேடு என்பதன் சுருக்கம். 1.3 தெரிந்த பிரவுசர் அதைப் பார்த்ததும், ‘ஆஹா, நடுவில் யாரோ விளையாடுறாங்க’ என்று இணைப்பைத் துண்டித்துவிடும்.

டெவலப்பர்கள் எங்கே சறுக்குறாங்க?

பதிப்பு எண்ணை கோடிலேயே நிரந்தரமாக எழுதிவைப்பதில். எழுதிய நாளில் அது சரியாகவே வேலை செய்யும். 2018 பிப்ரவரியில் கிட்ஹப் 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தியபோது, அவற்றை மட்டுமே தெரிந்த பழைய புரோகிராம்களால் அதனுடன் இணைய முடியவில்லை. ‘அப்போ 1.2 என்று எழுதிடலாமே’ என்றால், நாளைக்கு 1.3 இருந்தும் அந்த ஆப் 1.2-லேயே நிற்கும். டாட்நெட் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்வதும் இதுதான்: எண்ணைக் குறிப்பிடாதீர்கள், ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேர்ந்தெடுக்கட்டும். பைத்தான் 3.10 முதல் குறைந்தபட்சம் 1.2 என்பதே இயல்பு அமைப்பு. கட்டாயம் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் கீழ் எல்லையை மட்டும் எழுதலாம், மேல் எல்லையைத் தொடாமல் விடலாம்.

இன்னொன்று. எரர் வருகிறதே என்று சான்றிதழ் சரிபார்ப்பை ஆஃப் செய்துவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. அதைச் செய்துவிட்டு 1.3 பற்றிப் பேசுவது, இரும்புக் கதவு போட்டுவிட்டு தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிற கதை.

பழசை மொத்தமாக வெட்டிவிடலாமா?

அது அவ்வளவு சுலபமில்லை. 2020 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 74-ல் 1.0, 1.1 இரண்டையும் மொசில்லா நிறுத்தியது. கொரோனா பரவிய நேரம். தகவல் சொல்லும் சில அரசுத் தளங்கள் பழைய பதிப்பிலேயே இருந்ததால், நிறுத்தியதைத் தற்காலிகமாகத் திரும்பத் திறந்துவிட வேண்டி வந்தது. ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய போன்களில் 1.2 இயல்பாக ஆன் ஆகியிருக்காது. புது போன் வாங்க முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கதவு முதலில் மூடுகிறது. பணம் புழங்கும் தளங்கள் மூடத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் மழை எச்சரிக்கை, மருத்துவத் தகவல் போடுகிற தளங்கள் மூடுவதற்கு முன் யார் வெளியே நிற்பார்கள் என்று லாகைத் திறந்து எண்ணிப் பார்த்திருக்கலாம்.

உங்கள் இணைப்பு எந்தப் பதிப்பில் போகிறது என்று தெரியணுமா? கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு ஐ விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போனால், கீழே தொழில்நுட்ப விவரங்களில் எண் இருக்கும்.