தோட்டத்தில் ஆபத்து நேர்ந்தால்... பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

கோடை விடுமுறை விட்டதும் பள்ளிப் பிள்ளைகள் தோட்டத்துக்கு வந்துவிடுவது வழக்கம். சாப்பாடு கொண்டு வருவது, ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்வது, மடை மாற்றி விடுவது எல்லாம் அவர்கள் வேலை. மற்றவர்கள் தொலைவில் இருக்க, மோட்டார் அறையில் தகப்பனாருக்கு ஓர் ஆபத்து நேர்ந்தால், பக்கத்தில் நிற்பது ஒன்பது வயதுச் சிறுவன் மட்டுமாகவும் இருக்கலாம். அவன் பதறி ஓடிப் போய்த் தொட்டால் ஓர் உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும். விஷயம் தெரிந்து நடந்தால் போகவிருந்த உயிரும் மிஞ்சும். ஆகவே உழவும் களையும் கற்றுத் தருவதுபோல் இதையும் கற்றுத் தருவது பெற்றோர் கடமை.

மின்சாரம்

மின்சாரம் தாக்கியவரைத் தொடக்கூடாது என்பதே முதல் பாடம். அம்மாவானாலும் அப்பாவானாலும் தொடக்கூடாது. மெயின் சுவிட்ச் எது என்று காட்டி, அதன் மேல் சிவப்பு வண்ணம் பூசி வைக்கலாம். விவரம் தெரிந்த பிள்ளைகள், கால் நனையாத இடத்தில் நின்று கை எட்டுமானால் அதை அணைக்கலாம். எட்டாவிட்டால் உரக்கக் கூவி ஆளை வரவழைக்க வேண்டும். காய்ந்த கம்பால் தள்ளிவிடுவது பெரியவர்கள் வேலை. ஈரத் தரையில் நிற்கும் சிறுவனுக்கு அதுவும் ஆபத்தே. மழை, காற்றில் மின்கம்பி அறுந்து கிடந்தால் முப்பது அடிக்குள் போகாமல், ஆடு மாடுகளையும் மறித்துத் திருப்பிவிட்டு, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

கிணறு

கிணற்றில் விழுந்தவரைக் காப்பாற்ற நீச்சல் தெரிந்த பையனும் குதிக்கக்கூடாது. மூழ்குபவர் கைக்கு அகப்பட்டவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இருவரும் சேர்ந்தே மூழ்க நேரிடும். கயிறு, காற்றடைத்த லாரி டியூப், மூடி இறுகிய காலி கேன், வாழை மரத் துண்டு ஆகியவற்றில் எதையாவது எறிய வேண்டும். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் ஒரு டியூபும் நீளமான கயிறும் எப்போதும் இருப்பது நலம். பாழுங்கிணற்றிலோ சாண எரிவாயுக் குழியிலோ இறங்கியவர் மயங்கிச் சாய்ந்தால், உள்ளே நச்சு வாயு இருக்கக்கூடும். பின்னாலேயே யாரும் இறங்கக்கூடாது. 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட வேண்டும்.

பாம்புக்கடி

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் வயல்வெளிகளில் உள்ளவை. கடிபட்ட பிள்ளை ஓடக்கூடாது, நடக்கவும் கூடாது. உட்கார்ந்தபடி கூப்பிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் தூக்கிச் செல்ல வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது மூன்றும் தவறு. பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு நேரம் கடத்தவும் வேண்டாம்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி இராது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். காலையில் பிள்ளை வயிற்றுவலி என்றாலோ, இமை தானாகச் சரிந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது.

பூச்சிமருந்து

குளிர்பான பாட்டிலில் பூச்சிமருந்தை ஊற்றி வைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். டப்பாவின் மேலுள்ள முக்கோணம் சிவப்பானால் கொடிய விஷம் என்று பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட வேண்டும். மருந்து மேலே பட்டால் துணியைக் களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். குடித்துவிட்டால் உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மயங்கிக் கிடப்பவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மருந்து டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால் மருத்துவரின் வேலை எளிதாகும்.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டாமணக்கு விதையையோ அரளிக் காயையோ தின்றுவிட்ட பிள்ளை, அடி விழும் என்று பயந்து சொல்லாமல் மறைத்துவிடும். அந்த மௌனமே உயிருக்கு எமனாகும். "எதுவானாலும் உடனே சொல், திட்ட மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும்.

108ல் என்ன சொல்வது?

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. கட்டணம் இல்லை. பூட்டிய செல்போனிலிருந்தும் அவசர அழைப்புச் செய்யலாம். அதைப் பிள்ளைக்குச் செய்து காட்டுங்கள். நாட்டில் எங்கிருந்தாலும் 112 எண்ணையும் அழைக்கலாம்.

தோட்டத்துக்குக் கதவு எண் கிடையாது. எனவே மாவட்டம், வட்டம், ஊர், பக்கத்திலுள்ள கோவில், தார்ச்சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது ஆகியவற்றை மோட்டார் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளை அதைப் பார்த்துப் படித்தாலே போதும். என்ன நேர்ந்தது, எத்தனை பேருக்கு என்பதையும் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் போதும் என்னும்வரை போனை வைக்காமல் இருக்க வேண்டும். இன்னொரு பிள்ளை சாலை முக்கில் நின்று வண்டிக்கு வழி காட்டலாம்.

மாதம் ஓர் ஒத்திகை

வாயால் சொன்னது பதற்றத்தில் மறந்துபோகும். செய்து பழகியது மறக்காது. அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. அன்று அரை மணி நேரம் ஒதுக்கி ஒத்திகை பார்க்கலாம். அப்பா மயங்கியதுபோல் படுத்துக்கொள்ள, பிள்ளை கூவட்டும், சுவிட்சைக் காட்டட்டும், விலாசத்தை ஒப்பிக்கட்டும், டியூபைக் கிணற்றில் எறியட்டும். ஐந்து வயதுக் குழந்தை தன் பெயர், பெற்றோர் பெயர், ஊர் பெயர் சொல்லவும், யாரையும் தொடாமல் கூவி ஆளைக் கூப்பிடவும் தெரிந்திருந்தால் போதும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு டியூப், ஒரு கயிறு, சிறிது வண்ணம். வரும் அமாவாசையிலேயே தொடங்குங்கள்.