தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 25. தீபாவளிக்கு இன்னும் நான்கே நாள். அன்று காலை ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றியது. ஆறு நோயாளிகள் மாண்டனர். படுக்கையை விட்டு எழுந்து ஓட முடியாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

முன்னாள் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையில் அமைந்த சுயேச்சை விசாரணைக் குழு இதனை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2020இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அந்த மருத்துவமனைக்குத் தீயணைப்புச் சான்றிதழ் இருக்கவில்லை என்ற விவரம் பலரை அதிர்ச்சியில் ஆழ்த்தியது. 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டப்படி குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் இச்சான்றிதழைப் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தப்பும் வழி, எச்சரிக்கை மணி, தீயணைப்புக் கருவி ஆகியவை முறையாக உள்ளன என்பதற்கு அதுவே சாட்சி.

தீயணைப்பு என்றாலே சிவப்பு வண்டியும் சைரன் ஒலியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மக்கள் 'போம்பா' என்றழைக்கும் தீயணைப்பு மீட்புத் துறையின் வேலை அத்துடன் முடிவதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே தண்ணீர்க் குழாயால் பயனில்லை. பாதுகாப்பு உடையும் வாயுவை அளக்கும் கருவியும் கொண்ட சிறப்புப் பிரிவு தேவைப்பட்டது. அத்தகைய கருவிகள் ஆண்டு முழுவதும் பயன்படாமல் கிடந்தாலும், தேவைப்படும் நாளில் பழுதின்றி இயங்க வேண்டும். நிலையங்களில் சுவாசக் கருவி, நீர் இறைக்கும் பம்பு, ஏணி ஆகியவை திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுவது இதனால்தான்.

ஆனால் நிலையத்தில் எல்லாம் தயாராக இருந்தும், தாமானுக்குள் வண்டி நுழைய முடியாவிட்டால் என்ன பயன்? வண்டியில் வரும் தண்ணீர் சில நிமிடங்களுக்கே போதும். பிறகு சாலையோர நீர்க்குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் முன்னால் காரை நிறுத்திவிட்டுச் செல்பவர், அண்டை வீட்டாரின் உயிரோடு விளையாடுகிறார் என்பதை உணர்வதில்லை. சாலையின் இருபுறமும் கார்கள் நிற்கும் தாமான்களில் பெரிய வண்டி திரும்புவதற்கே நேரமாகிவிடுகிறது.

இதனால்தான் துறையினர் மக்களைத் தேடி வருகின்றனர். பள்ளிகளில் தீயணைப்புக் கேடட் படை, வட்டார அளவில் தன்னார்வத் தீயணைப்புப் படை, குடியிருப்புகளில் செயல்முறைப் பயிற்சி என்று அவர்கள் பணி விரிகிறது. ஒருமுறையாவது தீயணைப்பானைக் கையில் பிடித்துப் பழகியவர், ஆபத்து வேளையில் தடுமாறமாட்டார். ஊசியைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். சிறிய தீயணைப்பானில் உள்ள தூள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். எனவே அது தொடக்கத் தீக்கு மட்டுமே உதவும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இல்லையென்றால் அதற்கும் உதவாது.

சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூட வேண்டும். தீ பெருகிவிட்டால் வெளியேறுவதே அறிவுடைமை. நெருப்பை விடப் புகையே பலரைக் கொல்கிறது. புகை மேலே எழும். தரையோடு தவழ்ந்து செல்பவருக்கு மூச்சுவிட வழி கிடைக்கும். வெளியே வந்ததும் 999க்கு அழைத்து, தாமான் பெயர், சாலை எண், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தீயின்போது இன்னோர் எதிரியாக மாறுவது, திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கிரில். சாவி எங்கோ ஒரு கைப்பையில் இருக்க, வீட்டார் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் அவலம் நேரக்கூடும். கதவருகே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் இடத்தில் சாவி எப்போதும் தொங்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைப்பது வழக்கம். அதே நாளில் சாவி, எரிவாயுக் குழாய், பழைய மின்கம்பி, சாமி மேடை விளக்குக்கு அருகில் தொங்கும் திரைச்சீலை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அதற்கு அரை மணி நேரம் போதும். போம்பா வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், அது வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் வீட்டாரின் கையில்தான் இருக்கின்றன.