இருட்டிய பிறகும் ஒளிரும் மேகம் எது?

மலேசியாவின் அம்பாங் பெச்சாவில் சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். செம்பனைத் தோட்டம் இருண்டுவிடும். கிழக்கே மலைக்கு மேல் ஒரு மேகம் மட்டும் வெள்ளியாய் மின்னும். இது இணையத்தில் பார்த்த ‘இரவொளிர் மேகம்’தானோ என்று தோன்றும். இல்லை.

இரவொளிர் மேகம் தரையிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேலே உருவாகும் பனித்துகள் படலம். அதற்கு மைனஸ் 120 டிகிரிக்கும் கீழான குளிர் வேண்டும். வியப்பாக, அந்த உயரத்தில் அவ்வளவு குளிர் துருவப் பகுதிகளின் கோடையில்தான் வருகிறது. பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி அட்சரேகைகளில் வாழ்வோர் கண்ணுக்கே அது தெரியும். நாம் இருப்பதோ மூன்றரை டிகிரியில். இந்த மேகம் கவனத்துக்கு வந்த கதை 1883இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கிரகத்தோவா எரிமலை வெடித்தது. அதன் தூசியால் சிவந்த அந்தி வானத்தை உலகமே உற்றுப் பார்த்துவந்த காலத்தில், 1885இல், ஐரோப்பாவில் இரவொளிர் மேகம் கண்ணில் பட்டது.

நம் மலைக்கு மேல் மின்னுவது மாலை இடிமழை மேகம் விட்டுச்சென்ற உச்சிப்பகுதி. வெப்ப மண்டலத்தில் அது 15 கிலோமீட்டரைத் தாண்டிப் பனித்துகள்களாகப் பரவும். தரையில் பொழுது சாய்ந்தாலும் அவ்வளவு உயரத்துக்கு வெயில் எட்டுகிறது. சூரியன் மறைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள்: கிழக்கு மேகம் முதலில் மங்கும்; தலைக்கு மேல் உள்ளது சுமார் கால் மணி நேரம் தாங்கும்; மேற்கு அடிவானத்தை ஒட்டியது அரை மணிக்குச் சற்று மேல். அதற்குப் பிறகும் ஒரு மேகம் வெளுத்துத் தெரிந்தால் நிலா வெளிச்சமாகவோ ஊர் விளக்காகவோ இருக்கும்.

நிலா இருந்தால் அதைச் சுற்றிப் பாருங்கள். கையை நீட்டி விரல்களை விரித்து அளந்தால் வரும் ஒரு சாண் அளவு தள்ளி வட்டம் கட்டியிருந்தால், நமக்கும் நிலாவுக்கும் இடையில் இருப்பது உயரத்துப் பனித்துகள் மேகம். நிலாவை ஒட்டியே சிறு வண்ண வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் நீர்த்துளி மேகம். அவ்வளவு உயரத்தில் இராது.

இன்னொன்று மனிதர் உண்டாக்குவது. 1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏவிய முதல் ராக்கெட், மேல்வானக் காற்றை அளக்க சோடியம் ஆவியைத் தூவியது. வெயில் பட்டு அது ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. வெகு தொலைவிலிருந்தும் மக்கள் பார்த்தார்கள். இன்றும் அந்தியில் ஏவப்படும் ராக்கெட்டின் புகை இப்படி மின்னும். மேகம் போல அசையாமல் நிற்காது. சில நிமிடங்களிலேயே விரிந்து உருமாறும். அப்படி ஒன்றைக் கண்டால் நேரத்தையும் திசையையும் உடனே எழுதிவையுங்கள். அன்று எங்கிருந்து ராக்கெட் கிளம்பியது என்பதோடு ஒப்பிட அவை இரண்டும் வேண்டும்.