6 கிராம் போர் விமானம்! தெரியுங்களா?

உக்கடம் பெரியகுளம் எவ்வளவு பெரியது? சுமார் 320 ஏக்கர்! அதன் நீளத்தை 72-ல் ஒரு பங்காக, அகலத்தையும் 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு மிஞ்சும் தெரியுமா? வெறும் 6 சென்ட்! ஒரு வீட்டு மனை, அவ்வளவுதான்! 3.8 கிலோமீட்டர் நீளும் உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம்? அதே கணக்கில் 53 மீட்டர்!

ஏனுங்க, எதற்கு இந்த 72? உலகம் முழுக்க பிளாஸ்டிக் விமான மாடல் செய்பவர்களின் தாரக எண் அதுதான்! அசல் விமானத்தில் 72 அங்குலம் இருந்தால் மாடலில் 1 அங்குலம். அதாவது, ஆறடி ஆள் அங்குல உயரத்தில் நிற்பார்!

அந்த அளவில் செய்யச் சிறந்த போர்க்கால ஜெட் எது? என் ஓட்டு ‘நாட்’ விமானத்துக்கே! 1965, 1971 என இரண்டு போர்களிலும் நம் விமானப் படைக்காகப் பறந்த குட்டிச் சண்டை விமானம். அசலின் நீளமே 8.7 மீட்டர்தான். இறக்கை முனையிலிருந்து முனைக்கு 6.7 மீட்டர். மாடலில்? 12 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் சொச்சம் அகலம். உள்ளங்கையில் ஒரு ஜெட்!

எடைக்கு வாருங்கள். எரிபொருளும் குண்டும் இல்லாத வெறும் நாட் 2,175 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் 72-ஆல் வகுத்தால் எடையை எத்தனையால் வகுக்க வேண்டும்? 3,73,248-ஆல்! விடை 5.8 கிராம்! ஒரு பவுன் எட்டு கிராம் இல்லையா? ஒரு போர் விமானம் முக்கால் பவுனுக்குள் அடங்கிவிட்டது!

இந்த 72 எப்படிப் போருக்குப் போனது தெரியுமா? 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. மரத்தில் விமான மாடல் செதுக்கித் தாருங்கள்! எத்தனை? ஐந்து லட்சம்!! எல்லாம் 72-ல் ஒரு பங்கு அளவு, எல்லாம் கறுப்பு நிறம். எதற்கு? வானத்தில் வருவது நம்மவனா, எதிரியா என்று நிழலுருவைப் பார்த்தே சிப்பாய்கள் கண்டுபிடிக்கப் பழகுவதற்கு! மாடலை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், அசல் விமானத்தை அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். 35-ஐ 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும்! பொம்மை என்று யார் சொன்னது?

சரி, நாட் யாருடைய விமானம்? பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனம் செய்தது. வடிவமைத்தவர் டெடி பெட்டர். கான்பெர்ரா குண்டுவீச்சு விமானமும் இவர் கைவண்ணம்தான். 1955 ஜூலை 18-ல் நாட் முதலில் பறந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? ஒற்றை இருக்கைச் சண்டை விமானத்தை பிரிட்டிஷ் விமானப் படை தன் ஸ்குவாட்ரன்களில் சேர்க்கவே இல்லை! இரண்டு இருக்கைப் பயிற்சி வகையை மட்டும் எடுத்துக்கொண்டது. பின்லாந்து 13 வாங்கியது. 1958-ல் அந்த நாட்டில் முதன்முதலாக ஒலியை மிஞ்சிப் பறந்ததும் இதே நாட்தான்! நம் நாடோ உரிமம் வாங்கி பெங்களூரு எச்.ஏ.எல்.-லில் நூற்றுக்கும் மேல் கட்டித் தள்ளியது. பெற்றவர் வேண்டாமென்றதை வளர்த்தவர் போர்க்களத்துக்கே அனுப்பிவிட்டார்!

இன்னொரு விந்தை! பறக்கும்போது வேகம் குறைக்க விமானங்களுக்குத் தனியாக ‘ஏர்பிரேக்’ தகடு இருக்கும். நாட் விமானத்தின் உடம்பில் அதற்கு ஏது இடம்? சக்கரங்களையே பாதி இறக்கி பிரேக் போட்டார்கள்! மாடல் செய்பவர்கள் சக்கர மூடிகளை ஒட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பீரங்கி? இரண்டு! 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள், காற்று உள்ளே போகும் வாய்களுக்குப் பக்கத்தில் ஒன்றொன்றாக. ஒவ்வொன்றுக்கும் 115 குண்டுகள். நிமிடத்துக்கு 1,200 குண்டுகள் சுடும் பீரங்கி அது. அப்படியானால் 115 குண்டும் எவ்வளவு நேரத்துக்கு வரும்? ஆறு விநாடி கூட இல்லை! விரலைக் கவனமாக அழுத்தாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்!

இந்த 30 மில்லிமீட்டர் துளை மாடலில் எவ்வளவு? 0.42 மில்லிமீட்டர்! இதை எங்கே தேடுவது? மருந்துக்கடையில்! 22 கேஜ் ஊசியின் உள்துளை 0.41 மில்லிமீட்டர். ஊசியைத் துண்டாக வெட்டி ஒட்டினால் அசல் பீரங்கிக் குழாய் தயார்! உலகம் முழுக்க மாடல்காரர்கள் செய்யும் வேலை இது.

எந்த மாடல் பெட்டியை வாங்குவது? செக் நாட்டு ‘ஸ்பெஷல் ஹாபி’ நிறுவனம் ஒற்றை இருக்கை நாட் விமானத்தை 72-ல் ஒரு பங்கு அளவில் போட்டிருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனப் பெட்டியில் பளபளக்கும் சிவப்பு நாட் விமானத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்! அது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழு 1979 வரை அதில்தான் பறந்தது. பாதி ஒட்டிய பிறகுதான் இரண்டாவது இருக்கை எதற்கு என்று பலர் விழிப்பார்கள்!

மாடலை ஒட்டி முடித்து மேசையில் வைத்ததும் என்ன ஆகும்? பின்பக்கம் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும்! மூக்கில் ஒரு சக்கரம், நடுவில் இரண்டு என்றிருக்கும் பெரும்பாலான மாடல்களின் பிறவிக் குணம் இது. மருந்து? மூக்குக்குள் எடை! தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு ஒன்றைத் திணித்து ஒட்டினால் சமர்த்தாக நிற்கும். மீன் மார்க்கெட்டும் பெரியகுளமும் இருக்கிற உக்கடத்துக்காரருக்கு ஈயக் குண்டு ஒரு தேடலா என்ன!

இரண்டு பாதி உடம்பையும் ஒட்டிய இடத்தில் பட்டி பார்த்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட வேண்டும். 400, 800, 1500, 2000 என்று ஏறிக்கொண்டே போவார்கள். லாரிக்குச் செய்யும் அதே டிங்கரிங் வேலைதான், அளவு மட்டும் 72-ல் ஒன்று! ஒரு தலைமுடி பெயின்டில் சிக்கினால்? 0.07 மில்லிமீட்டர் முடி 72 மடங்கில் 5 மில்லிமீட்டர்! விமானத்தின் மேல் ஒரு கயிறு கிடக்கிற மாதிரி! பெயின்ட் 0.05 மில்லிமீட்டர் தடித்தாலே அசல் கணக்கில் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அப்பியதாக அர்த்தம்!

பிரஷ்ஷால் அடித்தால் இந்த மெல்லிசு வராது. இங்கேதான் ஏர்பிரஷ் வருகிறது! பேனா பிடிப்பது போலப் பிடிக்கலாம். முனைத் துளை 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். ஒரே விரலில் இரண்டு வேலை! இதை முதலில் உண்டாக்கியது யார் தெரியுமா? 1870-களில் அமெரிக்காவின் ஐயோவாவில் அப்னர் பீலர். எதை வைத்து? மரக்கட்டை, ஸ்பூன், தையல் ஊசி!

காற்று எவ்வளவு வேண்டும்? 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். உங்கள் கார் டயரில் இருப்பதே 30-க்கு மேல்! அதனால்தான் ஒரு காலத்தில் கம்ப்ரசர் வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? ஸ்டெப்னி டயரிலிருந்து குழாய் இழுத்து பெயின்ட் அடித்தார்கள்! நிஜம்! அதற்கென்றே தனி இணைப்பு கடைகளில் விற்றது. காற்று தீர்ந்தால்? பங்க்சர் கடைக்கு டயரை உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்! கோவையில் காற்றுக்கா பஞ்சம்? 1960-ல் இங்கே தொடங்கிய எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் உலகம் முழுக்க கம்ப்ரசர் அனுப்பிக்கொண்டிருக்கிறது!

இப்போது உச்சகட்ட வினோதம்! 1965-ல் நாட் வெள்ளியாக மின்னியது. மாடலில் அந்த வெள்ளி வர முதலில் எந்த நிறம் அடிக்க வேண்டும்? கறுப்பு! அதுவும் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு! அதன்மேல் உலோகப் பெயின்டை மெல்லிய மூடுபனியாகப் படிய விட்டால்தான் அலுமினியம் ஜொலிக்கும். கீழே ஒரு கைரேகை இருந்தாலும் மேலே காட்டிக்கொடுத்துவிடும்! எத்தனை பேர் பொறுமையிழந்து நேரடியாக வெள்ளி அடித்து, பாத்திரக்கடை அலுமினிய நிறத்தில் விட்டுவிடுகிறார்கள்!

உருமறைப்பு வண்ணம் வேண்டுமா? பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஓரம் மங்கலாக வர, ஒட்டும் களிமண்ணைப் பாம்பாக உருட்டி எல்லையில் வைத்து அடிப்பார்கள். விமானி உட்காரும் இடத்தின் மூடி கண்ணாடி மாதிரி தெரிய வேண்டுமா? தரை பாலிஷில் முக்கி எடுப்பார்கள்! ஆமாம், தரைக்குப் போடும் திரவ பாலிஷில்! பெயின்ட் உரிந்து பழசாகத் தெரிய வேண்டுமா? சமையலறைக்குப் போங்கள்! தண்ணீர் தொட்டு உப்புக்கல்லைத் தூவி, காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்து, பிறகு தேய்த்து உதறினால் ஆங்காங்கே உலோகம் எட்டிப் பார்க்கும்! முடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேயும் இதே வேலைக்கு உதவும்! அதை இரண்டு பெயின்டுக்கு நடுவே அடித்துவிட்டு, ஈர பிரஷ்ஷால் சுரண்டினால் மேல் பெயின்ட் செதில் செதிலாகக் கழன்று வரும். குளியலறை, சமையலறை, மருந்துக்கடை... எதையும் விட்டுவைக்க மாட்டார்கள் இவர்கள்!

கடைசியில் நம் விமானப் படையின் வட்டச் சின்னம். வெளி வளையம் காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. மாற்றி ஒட்டினால் விமானமே அன்னியமாகிவிடும்!

இத்தனை அலங்காரமும் யாருக்காக? 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தாக்க வந்தன. ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நாட் விமானத்தை மேலே எழுப்பினார் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். அந்தச் சண்டையிலிருந்து அவர் திரும்பவில்லை. விமானப் படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் இன்றுவரை அவர்தான். அவருடைய 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே 27-ல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி எழுந்தது. எங்கே? உக்கடத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம்ம சூலூரில்!

சூலூருக்கே ஒரு ‘தெரியுமா’ இருக்கிறது! கடலே இல்லாத இந்த ஊருக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் பெயர் வைத்திருந்தது பிரிட்டிஷ் கடற்படை: எச்.எம்.எஸ். வைரி! இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா கடற்படை விமானத் தளம் 1961 செப்டம்பர் 5-ல் எங்கே பிறந்தது தெரியுங்களா? அதுவும் சூலூரில்தான்!

2024 ஆகஸ்ட் 9-ல் உக்கடம் மேம்பாலம் திறந்த அன்று சூலூரில் யார் யார் இருந்தார்கள்? ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன்! ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சிக்காக ரஃபேலும் டைஃபூனும் வந்து இறங்கியிருந்த வாரம் அது! 2025 மார்ச்சில் இன்னொன்று: தேஜஸ் மார்க் 1ஏ-வின் முதல் இறக்கைத் தொகுதியை எல் அண்ட் டி நிறுவனம் கோவை ஆலையிலிருந்தே ஒப்படைத்தது! மாடல்காரர் மேசையில் ஒட்டும் இறக்கையை, அசல் அளவில் கட்டும் ஊர் இது!

போர்க்களத்துக்கு ஒரு நடை திரும்புவோமா? 1965 செப்டம்பர் 3. சேபரை வீழ்த்தியதாக நாட் விமானி டிரெவர் கீலருக்கு வீர் சக்ரா வாங்கித் தந்த நாள். அதே நாள், இன்னொரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்டது! அது இன்று கராச்சி விமானப் படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 16 நாள் கழித்து டிரெவரின் அண்ணன் டென்சில் கீலரும் நாட் விமானத்திலேயே சேபரோடு மோதி வீர் சக்ரா வாங்கினார்! ஒரு வீடு, இரண்டு வீர் சக்ரா!

1971 நவம்பர் 22, கிழக்கு எல்லையில் போய்ரா. போர் அறிவிக்க இன்னும் 11 நாள் இருக்கிறது. நான்கு நாட் விமானங்கள் சேபர்கள் மீது பாய்ந்தன. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. பிறகு அவர் என்ன ஆனார்? 1997-ல் பாகிஸ்தான் விமானப் படையின் தலைமைத் தளபதி!

ஹாலிவுட் மட்டும் சும்மா இருக்குமா? 1991-ல் வந்த ‘ஹாட் ஷாட்ஸ்’ நகைச்சுவைப் படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் சார்லி ஷீன் ஓட்டும் அமெரிக்கக் கடற்படைச் சண்டை விமானமாக நடித்தது எது என்று நினைக்கிறீர்கள்? நம்ம நாட்!