சேவலும் எருமையும்

திருத்தணி மலைப்படியில் யாரைக் கேட்டாலும் 'சேவல்னா முருகன்தாங்க' என்பார்கள். ஆதிச்சநல்லூர் விஷயத்தில் ஆய்வாளர் பலரும் இதையேதான் சொன்னார்கள். தாமிரபரணிக் கரை ஈமக்காடு அது. 1876இல் ஜாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. வெண்கலச் சேவல், இரும்பு வேல். ஆகவே முருக வழிபாடு!

அதே கலங்களின் மூடிமேல் எருமையும் நிற்கிறதே, நீண்ட கொம்போடு? பேச்சே காணோம். முருகன் கதையில் இடமில்லாததால் அது வெறும் 'அலங்காரம்' ஆகிவிட்டது. (எமன் வாகனம் என்று கிளம்பினாலும் அதே தப்புதான்.)

சீனத்தைப் பாருங்கள். ஷாங் காலத்து (சுமார் கி.மு. 1600-1046) வெண்கலச் சடங்குக் கலங்களில் இரு கண்ணால் முறைக்கும் முகத்தைத் 'தாவ்தியே' என்கிறார்கள், பெருந்தீனிப் பூதமாம். பிற்காலப் பழைய நூலொன்றிலிருந்து சுங் காலத்து (960-1279) அறிஞர்கள் எடுத்து ஒட்டி நிலைநிறுத்திய பெயர் அது. ஷாங் மக்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. இத்தனைக்கும் அங்கே எழுத்து உண்டு. கலங்களிலேயே குலக்குறியும் முன்னோர் பெயரும் பொறித்தார்கள். நம்மிடம் அதுவும் இல்லை.

செத்தவரோடு புதைத்த கலத்தில் எருமையை நிறுத்தியவர்கள் அதைக் கறந்தவர்களா, உழவில் பூட்டியவர்களா, பலி கொடுத்தவர்களா? முருகனைத் தேடிப் போனவர்கள் இதைக் கேட்கவேயில்லை.